இங்கிலீஷில் பத்து, தமிழில் முப்பது

சூரியனுக்குள் நடக்கிற காரியத்தை ஒரு பாத்திரத்துக்குள் நடத்தி, உலகத்துக்கே வற்றாத மின்சாரம் தருவது எப்படி என்று வெளிநாட்டுப் பேராசிரியர்களுக்கு விளக்க நான் உட்கார்ந்த அன்று எங்கள் ஊரில் கரண்ட் இல்லை.

மாதாந்திரப் பராமரிப்பு. காலையில் போனால் சாயங்காலம்தான் வரும். முந்தின நாளே பேப்பரில் ஊர்ப் பெயரோடு போட்டிருந்தார்கள். ஊரில் அத்தனை பேரும் அதைப் படித்துவிட்டு மாவாட்டி, தொட்டியில் தண்ணீர் ஏற்றி, செல்போனுக்குச் சார்ஜ் போட்டு வைத்திருந்தார்கள். இயற்பியலில் டாக்டர் பட்டம் வாங்கிய ஒருத்தி மட்டும் படிக்கவில்லை. (இத்தனை வருசம் எதையெதையோ படிச்சவ இதையும் சேத்துப் படிச்சிருக்கலாம் என்பது அம்மாவின் கருத்து.)

எங்கள் ஊர் பொன்னமராவதிக்குப் பக்கம். அணுவைப் பிளக்காமல், அணுவோடு அணுவைச் சேர்த்து மின்சாரம் எடுக்கிற ஆராய்ச்சியில்தான் நான் பட்டம் வாங்கினேன். அதற்கு மேலும் ஆராய்ச்சி செய்ய ஒரு வெளிநாட்டு ஆய்வுக்கூடம் ஃபெலோஷிப் தருவதாக அறிவித்திருந்தது. ஏற்கெனவே இப்படிப் பல இடங்களுக்கு விண்ணப்பித்து, பல நாட்டு மொழிகளில் "வருந்துகிறோம்" வாங்கி வைத்திருந்தேன். நேர்காணல் வரைக்கும் வந்தது இது ஒன்றுதான்.

அப்பா சிங்கப்பூரில் வேலை. வீட்டில் நிதி, நீதி, நிர்வாகம் எல்லாம் அம்மா. அவள் தெளிவாகச் சொல்லிவிட்டாள்.

"இதான் கடைசி. இது கெடைக்கலன்னா அந்த இன்ஜினியரிங் காலேஜ்ல போயி வாத்தியார் வேலையில சேந்துரு. டாக்டர் ஆயிட்டேன்னு நானும் ஊரெல்லாம் மிட்டாய் குடுத்துட்டேன். இன்னும் பரிச்ச எழுதுறா, இன்னும் இன்டர்வியூ போறான்னு சொன்னா, பெயிலான புள்ளைன்னு நெனைக்கிறாக."

அந்தக் கல்லூரியில் வேலை ஏறக்குறைய முடிவாகியிருந்தது. போனால் முதலாமாண்டுப் பிள்ளைகளுக்கு லென்ஸும் கண்ணாடியும் நடத்தியே தலை நரைத்துவிடும். எனவே இந்த நேர்காணலில் எப்படியாவது ஜெயித்தாக வேண்டும்.

அப்படி ஜெயிப்பதற்காக விண்ணப்பத்தில் ஒரு வேலை செய்திருந்தேன். இந்த ஆராய்ச்சியால் வீட்டுக்கு மின்சாரம் எப்போது வரும் என்ற கேள்விக்கு, "பத்தே ஆண்டுகளில்" என்று எழுதியிருந்தேன். எங்கள் துறையில் யாரைத் தட்டி எழுப்பிக் கேட்டாலும் முப்பது வருடம் என்பார்கள். எங்கள் பேராசிரியர் மாணவராக இருந்தபோதும் முப்பதுதான் சொன்னார்களாம். ஆனால் முப்பது என்று எழுதினால் எவன் ஃபெலோஷிப் கொடுப்பான்? சீனியர் அக்கா ஒருத்தி, "பத்துன்னு போடு, எல்லாரும் அப்படித்தான் போடுறாங்க" என்றாள். போட்டேன்.

சரி, கரண்ட் கதைக்கு வருகிறேன். என் லேப்டாப் ஒயரைப் பிடுங்கினால் உயிரை விட்டுவிடும் ஜாதி. நேர்காணலுக்குக் கொஞ்ச நேரமே இருந்தது. நான் வீட்டுக்குள் அங்கிட்டும் இங்கிட்டும் நடந்து அழுகிற கட்டத்துக்கு வந்துவிட்டேன்.

"எதுக்குடி மூக்கச் சிந்துற? மாமாகிட்ட ஜெனரேட்டர் ஓடுதுல்ல, போ" என்றாள் அம்மா.

அம்மாவின் தம்பி கருப்பையா மாமா. மைக் செட் வைத்திருக்கிறார். அன்றைக்கு மாரியம்மன் கோயிலில் பூச்சொரிதல் திருவிழா. கோயில் வாசலில் தகரக் கொட்டகை போட்டு, ஆம்ப்ளிஃபயரும் மிக்ஸரும் அடுக்கி, தெருவுக்குத் தெரு போஸ்ட் மரத்தில் குழாய் ஸ்பீக்கர் கட்டி, ஊரையே கையில் வைத்திருந்தார். ஊரிலேயே கரண்ட் இருந்த ஒரே இடம் அதுதான்.

மாமாவைப் பற்றி ஒன்று சொல்லிவிட வேண்டும். மைக் செட்காரருக்கு மௌனம் ஆகாது. ஒரு பாட்டு முடிந்து அடுத்தது தொடங்குவதற்குள் இரண்டு நொடி சும்மா இருந்தாலும், "என்னய்யா செட்டு, படுத்துருச்சா?" என்று நாலு பேர் கேட்டுவிடுவார்கள். அதனால் இடைவெளி விழுந்தால் அவர் கை தானாகப் போய் நாதஸ்வரத்தைத் திருகிவிடும், அல்லது வாய் தானாக அறிவிப்புச் செய்துவிடும். தொழில் பக்தி.

"வா தாயி, வா. ஒனக்கு இல்லாத கரண்டா?" என்று நாற்காலியைத் துடைத்துப் போட்டார். லேப்டாப்பைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, "இதுல இருக்குறதெல்லாம் ஒரு மைக்கா? வெளிநாட்டுக்குப் பேசுற, கணீர்னு கேக்க வேணாமா?" என்றார். திருவிழா நாடகத்தைச் செல்போனில் லைவ் விடுவதற்காக வாங்கிய ஒயர் ஒன்றை எடுத்து, தன் மைக்கை மிக்ஸர் வழியாக லேப்டாப்பில் சொருகினார். பெரிய ஹெட்போனை என் காதில் மாட்டினார். ஜெனரேட்டர் சத்தம் சுத்தமாக நின்றுவிட்டது. உலகமே அமைதியாகிவிட்டது. எனக்கு அவரைக் கையெடுத்துக் கும்பிடத் தோன்றியது. (கும்பிட்டேன். பிறகு வருத்தப்பட்டேன்.)

திரையில் மூன்று பேர் வந்தார்கள். நடுவில் வெள்ளைத் தலைமுடி அம்மையார், அவர்தான் தலைவர். ஒரு பக்கம் மீசைக்காரர். இன்னொரு பக்கம் மாநிறத்தில் ஒரு இளைஞர். அவர் பேரைச் சொன்னபோது என் செல்போன் சிக்னல் விக்கியதால் கேட்கவில்லை.

"உங்களைப் பற்றிச் சொல்லுங்கள்" என்றார் அம்மையார்.

"குட் மார்னிங்" என்றேன். என் காதுக்குள், "மார்னிங்... னிங்... னிங்..." என்று கேட்டது. மாமா எக்கோ வைத்திருந்தார். எக்கோ இல்லாமல் பேசினால் அது பேச்சே இல்லை என்பது எங்கள் பக்கத்து நம்பிக்கை. திரும்பிப் பார்த்தேன். மாமா கட்டை விரலை உயர்த்திக் காட்டினார்.

"நீங்கள் ஏதாவது குகையில் இருக்கிறீர்களா?" என்று மீசைக்காரர் கேட்டார்.

"இல்லை, கோயிலில்" என்றேன். என்றேன்... றேன்... றேன்.

எப்படியோ சமாளித்து என் ஆராய்ச்சியைச் சொல்ல ஆரம்பித்தேன். நன்றாகத்தான் போனது. மின்சாரம் எப்போது வரும் என்று கேட்டார்கள். நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, "டென் இயர்ஸ்" என்றேன். மீசைக்காரர் புருவத்தை உயர்த்தி ஏதோ கேட்க வாயெடுத்தார். அந்த நேரம் பார்த்துச் சிக்னல் நின்று, மூன்று பேரும் வாய் திறந்தபடி உறைந்துபோனார்கள்.

மௌனம். இரண்டு நொடி.

நாதஸ்வரம் என் காதைக் கிழித்துக்கொண்டு புறப்பட்டது. அதற்குள் சிக்னல் வந்துவிட்டது. மூன்று பேரும் நாற்காலியில் துள்ளியது திரையில் தெரிந்தது. நான் கையைக் காலை ஆட்டினேன். நிறுத்தச் சொல்கிறேன் என்று மாமாவுக்குப் புரிந்தது. பாட்டை நிறுத்தினார். நிறுத்தினால் மறுபடி மௌனம் வருமே! இன்னொரு மைக்கை எடுத்துவிட்டார்.

"பக்தகோடிகளுக்கு ஓர் அறிவிப்பு. கோயிலின் வடபுறத்தில் கூழ் ஊற்றப்படுகிறது. பாத்திரம் கொண்டு வந்து பெற்றுக்கொள்ளுமாறு விழாக் கமிட்டி சார்பாகக் கேட்டுக்கொள்கிறோம்... கொள்கிறோம்... கிறோம்."

"அந்தப் பெரியவர் என்ன சொன்னார்?" என்றார் அம்மையார்.

பொய் சொல்ல ஒன்றும் தோன்றவில்லை. "கூழ் தயாராக இருக்கிறது, பாத்திரம் கொண்டு வாருங்கள் என்கிறார்" என்றேன். இளைஞர் கையால் வாயைப் பொத்திக்கொண்டார். நாகரிகம் தெரிந்தவர், தும்முகிறார் என்று நினைத்தேன்.

அம்மையார் நல்லவர். "பரவாயில்லை. கடைசிக் கேள்வி. உங்கள் ஆராய்ச்சியை, இயற்பியலே தெரியாத ஒருவருக்கு எப்படி விளக்குவீர்கள்?" என்றார்.

ஆங்கிலத்தில் அதற்கு ஒரு பதில் மனப்பாடம் செய்து வைத்திருந்தேன். நாதஸ்வரத்தில் அது அடித்துக்கொண்டு போயிருந்தது. திருதிருவென்று விழித்தேன். மாமாவுக்குப் பொறுக்கவில்லை. என் ஹெட்போனை ஒரு பக்கம் தூக்கி, "என்ன தாயி கேக்குறாக?" என்றார்.

சொன்னேன்.

"அட, இம்புட்டுத்தானா! தமிழ்ல சொல்லு தாயி. அம்புட்டுப் பேரும் கேட்டுக்கிட்டுத்தான இருக்காக."

"அம்புட்டுப் பேருன்னா யாரு மாமா?"

"ஊருதான். குழாயில போய்க்கிட்டுல்ல இருக்கு. நம்ம வீட்டுப் புள்ள வெள்ளைக்காரனோட பேசுறத மறைச்சு வைக்கவா செய்வாக?"

தூக்கிய ஹெட்போன் வழியே அப்போதுதான் என் குரல் எனக்கு வெளியிலிருந்து கேட்டது. கோயில் வாசல் வேம்பிலிருந்து, டீக்கடை முக்கிலிருந்து, கண்மாய்க் கரையிலிருந்து. கொட்டகைக்கு வெளியே எட்டிப் பார்த்தேன். பூத்தட்டோடு பெண்கள், கூழ்ச் சட்டியோடு ஆண்கள், எல்லோரும் என்னையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். முன்வரிசையில் அம்மா.

நான் தடுமாறித் தடுமாறி அம்மையாரிடம் விஷயத்தைச் சொன்னேன். ஊரே கேட்கிறது என்றதும் அவர் முகம் மலர்ந்துவிட்டது. "அப்படியானால் அவர்களுக்கே சொல்லுங்களேன், நாங்கள் பார்க்கிறோம்" என்றார். மாமா எக்கோவைக் கொஞ்சம் கூட்டினார்.

வேறு வழியில்லை. ஊரைப் பார்த்துத் திரும்பினேன்.

"சூரியன் இருக்குல்ல, அதுக்குள்ள நடக்குறத நாம இங்க நடத்தணும். அந்தச் சூட்ட எந்தப் பாத்திரமும் தாங்காது. அதனால காந்தத்த வச்சு அந்தரத்துல நிப்பாட்டுவாங்க. பாத்திரத்துல ஒட்டாம பால் காய்ச்சுற மாதிரி. பொங்கிப் பாத்திரத்துல பட்டுச்சுன்னா எல்லாம் போச்சு. பொங்கப் போகுதுன்னு முன்னாடியே கண்டுபிடிச்சுச் சொல்றதுதான் என் ஆராய்ச்சி."

முதல் ஆளாக அம்மா வாயைத் திறந்தாள்.

"பால் பொங்குறதப் பாக்கவா இம்புட்டு வருசம் படிச்ச? அத நான் தெனமும் அடுப்படியில பாக்குறேனடி!"

சிரிப்பு அடங்குவதற்குள் டீக்கடைச் செல்வம் கை தூக்கினார். "அது கெடக்கட்டும் தங்கச்சி. இந்தக் கரண்டு நம்ம ஊருக்கு எப்ப வரும்? அத மட்டும் சொல்லு."

அங்கேதான் நான் கவிழ்ந்தேன். வெள்ளைக்காரரிடம் எதையும் சொல்லலாம். செல்வம் அண்ணன் கடையில் நாளைக்கும் டீ குடிக்க வேண்டும். பத்து வருடம் கழித்து என் சட்டையைப் பிடித்துக் கேட்கக்கூடிய ஊர். வாய் தானாக உண்மையைச் சொல்லிவிட்டது.

"இன்னும் முப்பது வருசம் ஆகும்ணே. அதுவும் நிச்சயம் இல்ல."

"முப்பது வருசமா!" என்று ஊரே வாயைப் பிளந்தது. லேப்டாப்பில் யாரோ விழுந்து விழுந்து சிரிக்கிற சத்தம் கேட்டது. திரும்பினேன். அந்த இளைஞர் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"மன்னிச்சுக்கங்க" என்றார், அட்சர சுத்தமான தமிழில். "எனக்குச் சொந்த ஊர் அறந்தாங்கிப் பக்கம். எங்களுக்குப் பத்து வருசம்னு சொன்னீங்களே?"

என் வாயிலிருந்து ஒரு சத்தமும் வரவில்லை. வராவிட்டால் என்ன ஆகும் என்று உங்களுக்குத் தெரியும். மாமா நாதஸ்வரத்தைப் போட்டுவிட்டார்.

அவர் மற்ற இருவருக்கும் மொழிபெயர்த்துச் சொல்வது அந்த நாதஸ்வரத்துக்கு நடுவே ஊமைப்படமாகத் தெரிந்தது. மீசைக்காரர் என் விண்ணப்பத்தைப் புரட்டினார். அம்மையார் கையசைத்தார். நேர்காணல் முடிந்தது என்று நினைத்த பெண்கள் குலவை போட்டார்கள். அதுவும் குழாயில் போனது.

"வருந்துகிறோம்" சீக்கிரமே வந்தது. நான் கல்லூரி வேலைக்கான சான்றிதழ்களை எடுத்து அடுக்கினேன். அழுதுகொண்டேதான் அடுக்கினேன். அம்மா வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"அன்னைக்கு நீ ஊருக்குச் சொன்னீல்ல, பால் காய்ச்சுறது. மொத தடவையா நீ என்ன படிச்சன்னு எனக்கு வெளங்குச்சுடி" என்றாள். "இன்னும் ஒரே ஒரு தடவ போட்டுப் பாரு. இந்தத் தடவ நெசத்தப் போடு."

வேறொரு நாட்டுக்குப் போட்டேன். முப்பது என்று எழுதினேன். பேப்பர் பார்த்து, நேர்காணலைக் கரண்ட் இருக்கிற நாளாகக் கேட்டு வாங்கினேன். அந்தத் தேர்வுக் குழுவில் ஒருவர், "எல்லோரும் பத்து என்கிறார்கள், நீங்கள் மட்டும் ஏன் முப்பது?" என்று கேட்டார்.

"ஊரில் மைக் வைத்துச் சொல்லியாகிவிட்டது. இனிமேல் மாற்ற முடியாது" என்றேன். சிரித்தார்கள். கிடைத்துவிட்டது. மாமா ஊருக்கு அறிவிப்புச் செய்தார், எக்கோவோடு.

இப்போது நான் பனி கொட்டுகிற ஒரு நாட்டில் பால் பொங்காமல் பார்த்துக்கொண்டிருக்கிறேன். ஊரில் கரண்ட் நிறுத்துகிற ஷட்டவுன் நாளில் செல்வம் அண்ணன் தவறாமல் வாய்ஸ் மெசேஜ் போடுகிறார்: "தங்கச்சி, முப்பதுல எத்தன கழிஞ்சுச்சு?" எங்கள் வீட்டில் யாரும் இப்போது சும்மா ஒரு நேரம் சொல்லித் தப்பிக்க முடியாது. பிளம்பர் "பத்து நிமிசத்துல வாரேன்" என்றாலும், அப்பா "இந்தா, லீவு கெடச்சிரும்" என்றாலும் அம்மா ஒரே கேள்விதான் கேட்பாள்: "அது இங்கிலீஷ் கணக்கா, தமிழ்க் கணக்கா?"

போன வாரம் என்னிடமும் கேட்டாள். பூச்சொரிதல் வருகிறது, ஊருக்கு எப்போது வருகிறாய் என்றாள். "அடுத்த மாசம் வாரேம்மா" என்றேன்.

"இங்கிலீஷ் மாசமா, தமிழ் மாசமாடி?"

நான் சிரித்தேன். அம்மா சிரிக்கவில்லை. என் பக்கத்தில் நாதஸ்வரம் போடவும் ஆள் இல்லை.

"தமிழ்தாம்மா" என்று சொல்லிவிட்டு, போனை வைத்ததும் முதல் வேலையாக டிக்கெட் போட்டேன்.