மாதாவின் விரிப்பில் விழுந்த சிவப்புத் துளி

பாவசங்கீர்த்தனத்தைச் சாமியாரின் காதோடு சொல்லிவிட்டு வருவதுதான் உலக வழக்கம். நான் அதை உப்புவெளியில் என் வீட்டு ஹோலில், அயலட்டை முழுவதும் கேட்கச் சத்தமாகச் செய்தவன். எல்லாம் மசுக்குட்டிப் புழுக்களால் வந்த வினை.

மனைவி ஸ்ரெல்லாவின் கொடித்தோடைப் பழப் பந்தலில் ஒருநாள் முள்ளு முள்ளாய் மசுக்குட்டிகள் ஊர்வதைக் கண்டேன். மருந்தடித்திருக்க வேண்டும். (பென்சன் எடுத்த புதிது. பார்த்துக்கொண்டிருக்க எனக்கும் ஏதாவது வேண்டாமா?) வண்ணத்துப்பூச்சி ஆகட்டும் என்று கதிரை போட்டுக் காவல் இருந்தேன். ஒரு கிழமையில் பந்தலில் தண்டுதான் மிச்சம். ஸ்ரெல்லா கேட்டபோது, பக்கத்து வீட்டு பிலோமினா அக்காவின் ஆடு தின்றுவிட்டது என்று வாய் கூசாமல் சொன்னேன்.

அன்றைக்கே வேலியோரம் பெரிய வாக்குவாதம். பிலோமினா அக்கா அழுதுகொண்டு தன் ஆடு ராணியை இறக்கக்கண்டியில் தம்பி வீட்டுக்கு அனுப்பிவிட்டார். இருபது வருடமாக வேலிக்கு மேலால் போய்வந்த கறிக்கோப்பைகள் நின்றுபோயின. நெஞ்சு குறுகுறுத்தது. ஆனாலும் வாயைத் திறக்கவில்லை, கோழைப்பயல்.

மசுக்குட்டிகளைச் சப்பாத்துப் பெட்டியில் போட்டு, ஹோல் அலுமாரிக்கு மேல் ஒளித்தேன். விடியப் பார்த்தால் பெட்டி வெறுமை. இருபத்திரண்டில் ஒன்றுகூட இல்லை. கட்டிலுக்குக் கீழே, சட்டைப்பைக்குள் எல்லாம் தேடினேன். அதன்பிறகு வீட்டில் எங்கே இருந்தாலும் யாரோ என்னைப் பார்த்துக்கொண்டிருப்பதுபோல முதுகு கூசியது.

அடுத்த கிழமை, வீடு வீடாகப் போகும் மாதா சொரூபம் எங்கள் வீட்டுக்கு வரும் முறை. ஸ்ரெல்லா முன்கூட்டியே கட்டிவைத்த லேஸ் திரைக்குக் கீழே, வெள்ளை விரிப்பில் மாதாவை வைத்தோம். சொரூபம் வந்த வீட்டுக்குக் கோபம் பாராட்டாமல் போகவேண்டும் என்பது எங்கள் வழக்கம். அயலட்டையோடு பிலோமினா அக்காவும் வந்து முன்னால் முழங்காலிட்டார்.

பின்னேரம் மூன்று மணிக்கே வானம் இருட்டியது. கரண்ட் போனது. மெழுகுதிரிச் சுடர்கூட அசையவில்லை. செபமாலை பாதியில், மாதாவின் காலடியில் சொட்டென்று ஒரு துளி விழுந்தது. நல்ல சிவப்பு. பிறகு இன்னொன்று. ஒவ்வொரு குரலாக அடங்கியது. மற்றவர்கள் மாதாவின் முகத்தைப் பார்த்தார்கள். மாதா என்னைப் பார்த்தார்.

மூன்றாவது துளியோடு கையைக் கூப்பிக்கொண்டு கத்திவிட்டேன்.

“மாதாவே, ஆடு தின்னேல்லை. மசுக்குட்டிதான் திண்டது. நான்தான் பொய் சொன்னனான்!”

ஸ்ரெல்லா மெல்ல எழும்பித் திரையைத் தூக்கினாள். மடிப்புகளில் வரிசையாக வெறும் கூடுகள். ஒவ்வொன்றிலும் கசங்கிய சிறகோடு ஒரு வண்ணத்துப்பூச்சி தொங்கியது. கூட்டைவிட்டு வந்ததும் அவை உடம்பில் மிஞ்சிய சிவப்பு நீரைக் கழிக்கும் என்பதைப் பிறகுதான் அறிந்தேன். இரண்டு நிமிடம் பொறுத்திருந்தால் தப்பியிருப்பேன்.

பிலோமினா அக்கா கண்ணைத் துடைத்தார். “தம்பி, ராணியை நாளைக்கே நீங்கள்தான் போய்க் கூட்டிக்கொண்டு வாறியள்.”

கூட்டி வந்தேன். இறக்கக்கண்டியிலிருந்து ஓட்டோவில் மடியில் இருந்தபடி ராணி என் சட்டைக் கொலரை நிதானமாகத் தின்றது. இந்தமுறை உண்மையாகவே ஆடுதான் தின்றது.

கறிக்கோப்பைகள் மறுபடியும் வேலி தாண்டுகின்றன. ஆனால் இன்றைக்கும் மேசை விரிப்பில் பீட்ரூட் கறி ஒரு சொட்டுச் சிந்தினால் போதும், ஸ்ரெல்லா சாப்பாட்டை நிறுத்தி என் முகத்தையே பார்ப்பாள்.

“இஞ்சாருங்கோ, இன்னும் ஏதும் சொல்லக் கிடக்கோ?”

கிடக்கிறதுதான். ஒரு துளிதானே விழுந்திருக்கிறது என்று பேசாமல் சாப்பிடுகிறேன்.