ஓலைக்குவியலும் மீன்கொத்தியும்

படகு எஞ்சின் உறுமியதும் மீன்கொத்தி பறந்துபோனது. காலையிலிருந்து இது மூன்றாவது தடவை.

"சோமா, அந்தச் சனியனை அணைச்சுத் தொலையேன்" என்றார் சுவாமிதாஸ்.

"அணைச்சா துடுப்பு போட்டுதான் போவணும் சாரே. நேரமாவும்."

"ஆவட்டும்."

பூவார் காயலுக்கு அவர் வந்ததே ஒரே ஒரு படத்துக்காக. பறவை பார்ப்போர் சங்கத்தின் புதுவருடக் காலண்டர் அட்டையில் மூன்று வருடமாக மச்சினன் டெனில் எடுத்த படம்தான் வருகிறது. மனைவி பங்கஜாட்சி அதைக் கூடத்தில் மாட்டி, "எனக்க தம்பி எடுத்ததாக்கும்" என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்வாள். கேட்டுக் கேட்டு அவருக்குக் காது புளித்துவிட்டது. ஐம்பத்தெட்டு வயது இடுப்பு இனி ஒரு வருடம் தாங்காது. ஒரு தடவையாவது தன் படம் அங்கே தொங்கவேண்டும்.

எஞ்சின் ஓய்ந்தது. மீன்கொத்தி வந்தது, அவருடைய மஞ்சள் சட்டையைப் பார்த்தது, போய்விட்டது.

"சட்டைதான் காரியம்" என்றான் சோமன். "மீன் ஒதுங்கதுக்கு நாங்க தண்ணியில ஓலை குமிச்சுப் போடுவோம் சாரே. அங்க இது தானா வரும். நீங்க ஓலைக்குள்ள நில்லுங்க. கிட்டத்தில எடுக்கலாம்."

இறங்கினார். முழங்கால் வரை சேறு, இடுப்பு வரை தண்ணீர். சோமன் அவர் தலைக்கு மேலே ஓலையைக் குவித்துக் கட்டினான். படமெடுக்கப் போன் பிடித்த வலதுகை உள்ளே. சாய்ந்துவிடாமல் இருக்க, இடதுகையை வெளியே நீட்டி ஒரு கம்பைப் பிடித்துக்கொண்டார்.

"அனங்கப்பிடாது கேட்டேளா" என்று சொல்லிவிட்டு சோமன் படகோடு மறைந்தான்.

ஓலையோடு சிவப்பெறும்புகளும் வந்திருந்தன. பிடரியில் கடித்தன, அசையவில்லை. நண்டு காலைப் பதம் பார்த்தது; அப்போதும் அசையவில்லை. இந்தப் பொறுமையைக் கல்யாண வாழ்க்கையில்கூட அவர் காட்டியதில்லை.

ஒரு மணி நேரம் கழித்து உச்சந்தலை ஓலை சரசரத்தது. வந்துவிட்டது! தலைக்கு மேலேயே உட்கார்ந்திருக்கிறது! கிட்டத்தில் என்றால் இவ்வளவு கிட்டத்திலா? அவரால் பார்க்கக்கூட முடியவில்லை. அங்குலம் அங்குலமாகப் போனை உயர்த்தினார்.

போன் அடித்தது. பங்கஜாட்சி.

"வரும்போ சாளை மீனு வாங்கிட்டு வாருங்க."

மீன்கொத்தி போய்விட்டது. சோமன் வந்து அவரைப் படகில் ஏற்றிக்கொண்டான்.

படகுத்துறையில் சங்கத்தார் எல்லாரும் டெனிலைச் சூழ்ந்திருந்தார்கள். முழநீள லென்ஸோடு காலையிலேயே தனிப்படகில் போனவன் அவன்.

"அத்தான், ஒண்ணு கிட்டிச்சு!"

கேமராத் திரையில், ஓலைக்குவியல் மேல் மீன்கொத்தி. இறகு இறகாக எண்ணலாம்.

"அட்டைப்படம் இதுதான்" என்றார் தலைவர் தங்கப்பன்.

சுவாமிதாஸ் சேறு சொட்டச் சொட்ட நின்று, "கொள்ளாம் மக்கா, நல்லாருக்கு" என்றார். "எங்க எடுத்தே?"

"அக்கரையில நின்னு அத்தான். குவியல் ஆடாம நல்லா உறைச்சு நின்னதுனால பறவை பயப்படல்ல."

சோமன் கூட்டத்துக்குள் தலையை நீட்டித் திரையை உற்றுப் பார்த்தான்.

"சாரே, இந்த ஓலைக்குவியலு வாட்சு கெட்டியிருக்கே!"