பெரிய அறைக்குள் புகுந்த காற்று

வெள்ளிக்கிழமை சாயங்காலத்துக்குள் பெரிய அறையைக் கைப்பற்றியே தீருவது என்று எசென்கூல் முடிவு செய்தார்.

எதிரியிடமிருந்து என்றால் சுலபம். மனைவி ஸூராவிடமிருந்து கைப்பற்ற வேண்டும். கிர்கிஸ் நாட்டுக் காரகோல் ஊரில் முதல் பனி விழுந்த நாளிலிருந்து ஸூராவும் அக்கம்பக்கத்துப் பெண்கள் ஐந்து பேரும் அங்கே உட்கார்ந்து, அவள் தங்கை மகள் கல்யாணத்துக்குக் கம்பளி திணித்த ரஜாய்ப் போர்வைகள் தைத்துக்கொண்டிருந்தார்கள். வீட்டில் இருந்த ஒரே டி.வி.யும் அங்கேதான். சனிக்கிழமை கோக்-போரு குதிரை ஆட்டத்தின் இறுதிப் போட்டி. ஐந்து நண்பர்களை அழைத்தாகிவிட்டது.

"ஒரே ஒரு நாள், ஸூரா."

"ஒரே ஒரு கல்யாணம்ங்க."

பேசிப் பயனில்லை. ஆனால் எசென்கூலுக்குத் தன் மூளைமேல் அபார நம்பிக்கை. அந்த வீட்டைச் சூடாக்கும் பாய்லர், வெந்நீர்க் குழாய், அறைக்கு அறை ரேடியேட்டர் எல்லாம் அவர் கையால் பொருத்தியவை. எங்கே தட்டினால் எங்கே இருமும் என்று அவருக்குத் தெரியும்.

வெள்ளிக்கிழமை காலை ஸூரா பால் வாங்கப் போனாள். அவர் கீழ்க்குழாயைத் திறந்து இரண்டு வாளித் தண்ணீரை வெளியே விட்டார். பரண்மேல் இருந்த தொட்டி வற்றியது. குழாய்க்குள் காற்று நுழைந்தது. வீட்டிலேயே உயரத்தில் இருப்பது பெரிய அறை ரேடியேட்டர்; காற்று நேரே அங்கே போய்க் குடியேறும். காற்றை வெளியேற்றும் திருகுக்கு ஒரே ஒரு பித்தளைச் சாவி. அதைக் கோட்டுப் பைக்குள் போட்டுக்கொண்டார்.

பத்து மணிக்கு ஸூரா கூப்பிட்டாள்.

"என்னங்க, இது ஏன் வயித்துவலிக்காரன் மாதிரி களகளங்குது? கீழே சூடு, மேலே ஐஸ்."

எசென்கூல் டாக்டர் மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு ரேடியேட்டரைத் தடவினார். "உள்ளே காத்து இருக்கு."

"இருந்தா என்ன? நாங்களும் காத்திருக்கோம். வெளியேத்துங்க."

"சாவியைக் காணோமே! கடையில சொல்லி வாங்க நாலு நாளாவது ஆகும். நீங்க எல்லாம் சமையலறைக்கு மாறிடுங்க. பாவம், குளிருமே!"

பக்கத்து வீட்டு சாய்க்கால் விழுந்து விழுந்து சிரித்தாள். "அண்ணே, ரஜாய் தைக்கிறவளுக்கா குளிரும்?"

ஆறு பெண்களும் தைத்து முடித்த ஒரு ரஜாய்க்குள் ஒன்றாகப் புகுந்துகொண்டு, கழுத்தும் கையும் மட்டும் வெளியே நீட்டித் தைத்தார்கள். கதகதப்பில் பாட்டுக்கூடப் பாடினார்கள்.

ஒரு வாளியோடு நிறுத்தியிருக்க வேண்டும். மதியத்துக்குள் காற்று அவர் படுக்கையறை ரேடியேட்டருக்கும் வந்துவிட்டது. கம்பளித் தொப்பி, இரண்டு கோட்டு, மூன்று காலுறை. அப்படியும் பல் தாளம் போட்டது. இரண்டு மணிக்குப் பாய்லர் 'டொக், டொக்' என்று தட்டத் தொடங்கியது. தண்ணீர் ஓடாமல் கொதித்தால் பாய்லர் வெடித்துவிடும். எசென்கூல் ஓடிப்போய் நெருப்பை அடக்கிவிட்டுக் கோட்டுப் பைக்குள் கையை விட்டார். சாவி இல்லை. அடுத்த பை. இல்லை.

"என்ன தேடுறீங்க?" வாசலில் ஸூரா.

"ஒண்ணுமில்ல."

"அந்த ஒண்ணுமில்லாதது பித்தளையா?"

அவள் விரலில் சாவி ஆடியது. "காலையில உங்க கோட்டுக்குப் பொத்தான் தைச்சேன். அப்ப கைக்கு வந்துச்சு."

"காலையிலேயா? அப்புறம் ஏன் சும்மா இருந்தே?"

"எவ்வளவு நேரம் தாங்குறீங்கன்னு பார்த்தேன். இப்ப பாய்லரே கூப்பிடுது, இனிமே விளையாட்டு வேண்டாம். முதல்ல பரண்ல தண்ணி ஊத்துங்க. தொட்டி காலியா இருக்கும்போது திருகைத் திறந்தா இன்னும் காத்துதான் உள்ள போகும்."

"இதெல்லாம் உனக்கு யார் சொன்னது?"

"நீங்க லாரி ஓட்டிக்கிட்டு ஊர் ஊராப் போனப்ப, இந்த வீட்டை யார் சூடாக்கினான்னு நினைச்சீங்க?"

எசென்கூல் வாளியோடு ஏணி ஏறினார். கீழே ஸூரா ஒவ்வொரு திருகாகத் திறந்தாள். 'ஸ்ஸ்ஸ்' என்று காற்று சீறும்; பிறகு தண்ணீர் துளிர்க்கும்; உடனே மூடுவாள். "ஊத்துங்க! நிறுத்தாதீங்க!" மறுபடி நெருப்பு மூட்டினார்கள். நாலு மணிக்குப் பெரிய அறை ரேடியேட்டர் தலையிலிருந்து கால்வரை கொதித்தது.

"ஸூரா," என்றார் ஈனக்குரலில். "நாளைக்கு வர வேண்டாம்னு நண்பர்கள்கிட்ட சொல்லிடறேன்."

"எதுக்கு? தாராளமா வரட்டும். பெரிய அறையிலேயே உட்காருங்க. டீ நான் போடறேன்."

எசென்கூலின் நெஞ்சு விரிந்தது. ஜெயித்தது யார்? கடைசியில் அறை யாருக்கு? நண்பர்களுக்குப் போன் போட்டு, "பொம்பளைங்களை எப்படிச் சமாளிக்கணும்னு வந்து பாருங்கடா!" என்றார்.

வந்து பார்த்தார்கள். வாசலிலேயே ஸூரா ஆளுக்கு ஒரு ஊசி கொடுத்தாள். அந்த இறுதிப் போட்டியில் எந்த அணி ஜெயித்தது என்று இன்றுவரை எசென்கூலுக்குத் தெரியாது. தான் தைத்த ரஜாயின் நாலாவது மூலையில் தையல் கொஞ்சம் கோணல் என்பது மட்டும் தெரியும்.