கேட்காமல் வரைந்த புலி

கேட்டதைக் கேட்டபடி செய்பவன் வேலைக்காரன், கேட்டதற்கு மேலே செய்பவன்தான் கலைஞன் என்று இருபத்திரண்டு வயதில் நான் உறுதியாக நம்பினேன். இந்த நம்பிக்கை எங்கிருந்து வந்தது என்று பிற்பாடு தேடிப் பார்த்தேன். நான் படித்த எந்தப் புத்தகத்திலும் இல்லை. நானாக உண்டாக்கியதுதான் போலிருக்கிறது.

பெய்த மழை முதல் வீட்டுப் பூனை குட்டி போட்டது வரை எல்லாவற்றுக்கும் நாள், கிழமை குறித்து வைப்பவன் நான். இந்தச் சம்பவத்துக்கு மட்டும் குறிக்கவில்லை. (குறித்தால் யாராவது படித்துவிடுவார்களே!) ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபதுகளின் நடுப்பகுதி, பங்குனி மாதம். அதுவரைக்கும் நிச்சயம்.

அப்போது எனக்கு மலாய் நாட்டு ரயில்வே ஆபீஸில் வேலை. துரைமார் வரைந்த பாலங்களை மெல்லிய துணியில் நகல் எடுக்க வேண்டும். குடியிருந்தது பிரிக்பீல்ட்ஸில். ஓய்வு நேரத்தில் சாயம் குழைத்துச் சாமி படங்கள் வரைவேன். அதில் ஒன்றைத் தேநீர்க் கடையில் பார்த்துவிட்டு, நாடகக் கம்பெனி முதலாளி கோபால்சாமி என்னைக் கூப்பிட்டனுப்பினார். தமிழ்நாட்டிலிருந்து கப்பலில் வந்த கம்பெனி. வழியில் அவர்களுடைய காட்டுத் திரை கடல் தண்ணீரில் ஊறிப் பாழாகிவிட்டது. கிள்ளானைத் தாண்டி மேரு என்ற ஊர்ப் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் நாடகம் ஒப்புக்கொண்டிருந்தார்கள். நாடிழந்த ராஜாவும் ராணியும் காட்டுக்குப் போகிற கதை. காடு இல்லாமல் எங்கே போவார்கள்?

"காடு வேணும் தம்பி," என்றார் முதலாளி. "மரம், ஒரு ஓடை, ரெண்டு மான். அவ்வளவுதான். வேற ஒண்ணும் வேணாம்."

ஏன் வேறொன்றும் வேண்டாம் என்று நான் கேட்கவில்லை. எங்கும் விடிய விடிய நடக்கிற நாடகத்தை இந்தத் தோட்டத்தில் மட்டும் பகல் சாப்பாட்டுக்குப் பிறகு தொடங்கி இருட்டுமுன் ஏன் முடிக்கிறார்கள் என்றும் கேட்கவில்லை. திரை நன்றாக அமைந்தால் கம்பெனியின் நிரந்தர ஓவியனாக ஈப்போ, பினாங்கு என்று கூடவே வரலாம் என்று அவர் சொன்ன பிறகு என் காதில் எதுவும் ஏறவில்லை. பாலங்களிடமிருந்து விடுதலை! வேலையை விடுவதாக ஆபீஸில் உடனே சொல்லிவிட்டேன். மாலை போட்டு, கேசரியும் தேநீரும் கொடுத்து வழியனுப்பினார்கள். தலைமைக் கிளார்க் பேசும்போது கண்கலங்கினார்.

மரங்களும் ஓடையும் மான்களும் சீக்கிரமே முடிந்தன. தள்ளி நின்று பார்த்தேன். மான்களும் என்னைப் பார்த்தன. இது காடா, பூந்தோட்டமா? மிருகங்களைப் பற்றி இங்கிலீஷிலும் தமிழிலும் அகப்பட்டதையெல்லாம் படித்தவன் போய் இப்படியொரு காட்டை வரைவதா? முதலாளி அசந்து போகட்டும் என்று, ஓடைக்கு மேலே நட்டநடுவில், ஆளுயரத்துக்கு ஒரு புலியை நிறுத்தினேன். எந்த மூலைக்குப் போனாலும் நம்மையே பார்க்கிற கண்கள்.

சாயம் காயத் தாமதமாகிவிட்டது. சுருட்டிய திரையோடு கிள்ளானிலிருந்து மாட்டு வண்டியில் போய்ச் சேர்ந்தபோது நாடகம் பாதி நடந்திருந்தது. (அந்தப் பாதையில் அப்போது பஸ் ஓடியதா என்று பலரிடம் விசாரித்துவிட்டேன். இன்னும் முடிவு தெரியவில்லை.) பிரித்துப் பார்க்க யாருக்கும் நேரமில்லை. சுருட்டியபடியே மேலே கட்டி, காட்டுக் காட்சி வந்ததும் கயிற்றைத் தளர்த்தினார்கள்.

ராணி வேஷம் கட்டியவர் சின்னையா என்ற ஆண்பிள்ளை. திரைக்கு முதுகைக் காட்டி, கண்ணை மூடிக்கொண்டு, இந்தக் காட்டில் எங்களுக்கு யார் துணை என்று உருகிப் பாடிக்கொண்டிருந்தார். முதலில் ஆர்மோனியம் நின்றது. பிறகு முன்வரிசைப் பிள்ளைகளின் சத்தம் நின்றது. தோட்டத்துக் காற்று ஒரு தரம் வீச, துணி உப்பி அடங்கியது.

புலி மூச்சு விட்டது.

யாரும் கத்தவில்லை. பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு, விரித்த பாயைக்கூட எடுக்காமல், ஓசையில்லாமல் ஓடினார்கள். ஆர்மோனியக்காரர் ஆர்மோனியத்தோடு ஓடினார். (அதன் கனம் தூக்கியவர்களுக்குத்தான் தெரியும்.) தோட்டத்துக் கங்காணி என் மாட்டு வண்டிமேல் ஏறி நின்று, இதை வரைந்தவன் எவன் என்று கேட்டார். நான் வண்டிக்காரரைப் பார்த்தேன்.

விஷயத்தைக் கங்காணிதான் வண்டியில் நின்றபடியே சொன்னார். போன வாரம் தொழிலாளர்கள் குடியிருக்கும் லயத்துக்குப் பின்னாலிருந்து அஞ்சலை என்ற பெண்ணின் மாட்டைப் புலி இழுத்துப்போயிருக்கிறது. அதனால்தான் பகல் நாடகம். முதலாளியிடம் முன்கூட்டியே சொல்லித்தான் வைத்திருக்கிறார்கள். அந்த மிருகத்தின் பெயரையே அங்கே யாரும் வாயால் சொல்வதில்லை. மலாய்க்காரர்களைப் போல மரியாதையாக 'டத்தோ' என்பார்களாம்.

சின்னையா கண்ணைத் திறந்தார். எதிரே வெறும் பாய்கள். திரும்பிப் பார்த்தார். சேலை நடுங்கியது. ஆனால் குரல் ராணியின் குரலாகவே வந்தது:

"என் புருஷன் நாட்டைத் தோத்தாரு. நீங்களும் விட்டுட்டுப் போனா நான் எங்க போவேன், சொல்லுங்க?"

ஓடியவர்கள் நின்றார்கள். தூரத்திலிருந்து ஒருவர், "எறங்கி வந்துரு தாயி," என்றார். சின்னையா இறங்கவில்லை.

அப்போது கூட்டத்திலிருந்து ஒரு பெண் தனியாக நடந்து வந்தாள். அஞ்சலை. கோயிலில் வாங்கிய சூடத்தை ஒரு வெற்றிலையில் வைத்து, மேடை விளிம்பில் என் புலிக்கு நேரே ஏற்றினாள்.

"எங்க மாட்டை எடுத்துக்கிட்டீங்க. வயிறு நெறைஞ்சிருக்கும். போயிருங்க டத்தோ."

தோட்டமே கைகூப்பி நின்றது. அந்த வாலைச் சரியாக வரவில்லை என்று மூன்று தரம் அழித்து வரைந்தவன் நான். அந்தக் கண்ணில் போட்ட மஞ்சள் எந்தக் கடையில் வாங்கியது என்பதும் எனக்குத் தெரியும். ஆனாலும் நானும் கும்பிட்டேன். அது திரும்பி நடந்து போனாலும் போகும் என்று நிஜமாகவே தோன்றியது.

முதலாளி கை காட்டினார். கயிற்றை மெதுவாக இழுத்தார்கள். ஓடை, மான்கள், நகங்கள் என்று கீழிருந்து ஒவ்வொன்றாகச் சுருண்டு போக, கண்கள் கடைசியாகப் போயின. "போயிட்டாரு," என்றது ஒரு குழந்தை. எல்லோரும் வந்து உட்கார்ந்தார்கள். மிச்ச நாடகம் அரண்மனைத் திரைக்கு முன்னால் நடந்தது. ராஜாவும் ராணியும் தங்கத் தூண்களுக்கு நடுவே பட்டினி கிடந்தார்கள். ஒருவரும் குறை சொல்லவில்லை. பலர் அழுதார்கள்.

முடிந்ததும் முதலாளி என்னிடம் வந்தார்.

"நான் கேட்டது இது இல்ல தம்பி," என்றார். "ஆனா இதை விட்டுட்டுப் போகவும் மனசு வரல. திரை வரட்டும். நீ வேணாம்."

திரை பினாங்கு போனது. நான் திங்கட்கிழமை ஆபீஸ் போனேன். தலைமைக் கிளார்க், விட்ட கண்ணீரைத் திருப்பிக் கேட்பவர்போலப் பார்த்துவிட்டு, ஒரு பாலத்தை நீட்டினார். பினாங்கில் புலித் திரையைப் பார்ப்பதற்கென்றே கூட்டம் வந்ததாகப் பிறகு கேள்விப்பட்டேன். அதை நான் மறுபடி பார்த்ததில்லை. என் கையால் செய்த வேறு எதைக் கண்டும் மனிதர்கள் ஓடியதுமில்லை, கும்பிட்டதுமில்லை.

கல்யாணமான புதிதில் இதை மனைவியிடம் பெருமையாகச் சொல்லித் தொலைத்தேன். அன்றிலிருந்து காய்கறி வாங்கப் பாசாருக்குக் கிளம்பும்போதெல்லாம் பையைக் கையில் கொடுத்து, பிள்ளைகளுக்கும் கேட்கும்படி நிதானமாகச் சொல்வாள்:

"தேங்காய் ரெண்டு, கீரை ஒரு கட்டு. புலி வேணாம்."