எட்டு எழுத்துத் தண்ணீர்

வேதிப்பொருள் பதிவுத் துறையில் அப்போது பதினோராயிரத்து முந்நூற்றுச் சொச்சம் பொருள்கள் பதிவாகியிருந்தன. அத்தனைக்கும் பெயர் இருந்தது. அதுதான் துறையின் தீராத தலைவலி.

ஒரே பொருளுக்கு வியாபாரி ஒரு பெயர் சொல்வார், ஆய்வகம் இன்னொரு பெயர் எழுதும், பழைய கோப்பில் எழுத்துப்பிழையோடு மூன்றாவது ஒன்று இருக்கும். இயக்குநர் வெளியூர் மாநாடு ஒன்றுக்குப் போய்வந்த மறுநாளே இதற்கு ஒரு முடிவு கட்டினார். மாநாட்டில் மூன்று நாளும் எல்லாரும் ஒரே வார்த்தையைத்தான் சொன்னார்களாம்: ‘இயந்திரம் படிக்கும்படி.’ சாப்பாட்டு மேஜையில்கூட அதே பேச்சாம். ஆகவே, “அனைத்துப் பொருள்களும் இயந்திரம் படிக்கத்தக்க மூலக்கூறு எழுத்துவரிசையாக மாற்றப்பட்டு, பெயர்கள் அறவே நீக்கப்படும்” என்று சுற்றறிக்கை பறந்தது. மனிதர்கள் எதைப் படிப்பது என்பது பற்றி அதில் ஒன்றும் இல்லை.

இந்த வேலைக்கு ஆறு மாத ஒப்பந்தத்தில் வந்தவளை அலுவலகம் கம்ப்யூட்டரம்மா என்று அழைத்தது. வேதியியல் படித்துவிட்டு, வேலை கிடைக்காமல் நிரல் எழுதக் கற்றுக்கொண்டவள். பழைய கோப்பறைக்கும் கைகழுவும் தொட்டிக்கும் நடுவே அவளுக்கு ஒரு மேஜை கொடுத்திருந்தார்கள். அவள் எழுதிய நிரலிடம் பெயரையோ வாய்பாட்டையோ கொடுத்தால், எந்த அணு எதோடு ஒட்டியிருக்கிறது என்று எழுத்துவரிசையாகச் சொல்லிவிடும். சந்தேகம் இருந்தால், ‘தெளிவாகச் சொல்லவும்’ என்று நிற்கும். அவள் பெருமைப்பட்டது இந்தக் கடைசிக் குணத்துக்காகத்தான். இயக்குநருக்குப் பிடிக்காததும் அதுவேதான்.

“C2H6O-ன்னு குடுத்தா, சாராயமா ஈதரான்னு என்னையே திருப்பிக் கேக்குது!”

“ரெண்டுக்கும் வாய்பாடு ஒண்ணுதான் சார். அணுவெல்லாம் அதேதான், கோத்திருக்கிற விதம்தான் வேற.”

“ஜனங்க கேக்கிற கேள்விக்கே நாம பதில் சொல்றதில்ல. மிஷினுக்குச் சொல்லணுமா?”

அந்த வாக்குவாதம் முடிவதற்குள் ஐஸ் தொழிற்சாலைக்காரரின் உரிமம் புதுப்பிக்க வந்தது. அவர் தொழிலில் பயன்படும் பொருள் ஒன்றே ஒன்று. தண்ணீர். நிரல் கண் சிமிட்டும் நேரத்தில் மாற்றிக் கொடுத்தது: O.

தலைமை எழுத்தர் தாளை இரண்டு விரலால் பிடித்துக்கொண்டு இயக்குநர் அறைக்குப் போனார். கம்ப்யூட்டரம்மாவும் அழைக்கப்பட்டாள்.

“என்னம்மா, பொருள்ங்கிற இடத்துல பூஜ்யம் போட்டிருக்கு?”

“பூஜ்யம் இல்ல சார், ஓ. ஆக்ஸிஜன்.”

“தண்ணின்னா ரெண்டு ஹைட்ரஜன் இருக்கணும். எனக்கே தெரியும். அது எங்க?”

“எழுத வேண்டியதில்ல சார். ஆக்ஸிஜன் தனியா நின்னா, கூட ரெண்டு ஹைட்ரஜன் இருக்குன்னு மிஷின் தானாப் புரிஞ்சுக்கும்.”

இயக்குநர் தலைமை எழுத்தரைப் பார்த்தார். முப்பது வருட அனுபவம் தொண்டையைச் செருமிக்கொண்டு பேசியது.

“அரசாங்க ஆபீஸ்ல தானாப் புரிஞ்சுக்கிறதுன்னு ஒண்ணு கிடையாதும்மா. நாளைக்குத் தணிக்கைக்கு வர்றவன் ‘ஹைட்ரஜன் இரண்டு குறைவு’ன்னு எழுதிட்டுப் போயிடுவான். நான் எங்க போய்க் கொண்டுவர்றது?”

அவளுக்குச் சிரிப்பு வந்தது. ஒப்பந்தம் முடிய ஐந்து வாரம் இருந்தது நினைவுக்கு வந்து, சிரிப்பு போய்விட்டது. ஹைட்ரஜனையும் வெளிப்படையாக எழுதிக் கொண்டுவந்தாள்: [H]O[H].

இயக்குநர் பேனா முனையால் எண்ணினார். “ஏழுதான் இருக்கு. அடைப்பையெல்லாம் சேர்த்தே ஏழு. நம்ம பாஸ்வேர்டுக்கே எட்டு எழுத்து வேணும். தண்ணிக்கு ஏழு போதுமா?”

“பாஸ்வேர்டு வேற சார், இது...”

“பாதுகாப்புன்னா எல்லாத்துக்கும் பாதுகாப்புதான்.”

அன்று மாலையே, எட்டு எழுத்துக்குக் குறைந்த எப்பொருளும் பொருளாகக் கருதப்படாது என்று உத்தரவாயிற்று. தண்ணீர் பொருளே இல்லை என்று ஆனதில் யாருக்கும் நெருடல் இல்லை. நாளைக்குள் ஒரு வழி சொல்வதாகச் சொல்லிவிட்டு அவள் வீட்டுக்குப் போனாள். மறுநாள் காலை அவள் வந்தபோது, தலைமை எழுத்தர் கல்யாண வீட்டுக்காரர் மாதிரி மலர்ந்த முகத்தோடு வாசலிலேயே நின்றார்.

“உனக்கு எதுக்கும்மா சிரமம்னு நானே முடிச்சுட்டேன். நடுவுல இன்னொரு ஓ சேர்த்தேன். பாரு, ரெண்டு பக்கமும் எவ்வளவு லட்சணமா இருக்கு!”

[H]OO[H]. அவள் தாளைப் பிடுங்கிப் பார்த்தாள்.

“ஐயையோ சார், இது தண்ணியே இல்ல. ஹைட்ரஜன் பெராக்சைடு. தண்ணி மிக்ஸ் பண்ணாம மேல பட்டா தோலைப் பொசுக்கிடும்.”

“அப்படியா?” என்றார் அவர் உண்மையான அனுதாபத்தோடு. “கையெழுத்தாயிடுச்சேம்மா.”

தொழிற்பாதுகாப்புத் துறையின் கணினி இந்தப் பட்டியலைப் படிக்கத் தொடங்கியது. இயந்திரம் படிக்க வேண்டும் என்பதுதானே ஆசை. அது ஒரு வரி விடாமல் படித்தது. தண்ணீர் வைத்திருக்கும் அத்தனை பேருக்கும் ஒரே வாரத்தில் எச்சரிக்கைக் கடிதம் போயிற்று. தீயணைப்பு நிலையத்துக்கு வந்ததில், ‘இப்பொருளைத் தீயின் அருகே கொண்டுசெல்வது தண்டனைக்குரியது’ என்றிருந்தது. அவர்கள் கட்டுப்பாடு மிக்கவர்கள். அடுத்த தீவிபத்தில் வண்டியை ஐம்பது மீட்டர் தள்ளி நிறுத்திவிட்டு மணியை மட்டும் விடாமல் அடித்தார்கள். இயக்குநர் அறையிலிருந்த குடிநீர்க் கேனுக்கு மண்டையோட்டுப் பலகை மாட்டப்பட்டது. அவர் கையுறையும் கண்ணாடியும் போட்டுக்கொண்டுதான் தண்ணீர் குடித்தார். விதி என்றால் விதி.

ஐஸ்காரர் மூச்சிரைக்க வந்தார். “அம்மா, ஐஸ் மேல படுற எல்லாத்துக்கும் கவசம் மாட்டச் சொல்றாங்க. ஆளுக்கு மாட்டிடலாம். மீனுக்கு எப்படிம்மா மாட்டுறது?”

இதுவரைக்கும் சிரிக்கலாம். அதற்கு அடுத்து வந்தவர்தான் அவள் தூக்கத்தைக் கெடுத்தார். அவர் துணி வெளுக்கும் மருந்து தயாரிப்பவர், நிஜமான ஹைட்ரஜன் பெராக்சைடு விற்பவர். கையில் அச்சான லேபிள் ஒன்று இருந்தது.

“என் சரக்கைப் பதிய வந்தேம்மா. ஏற்கெனவே பதிஞ்ச பொருள்னு சொல்லி இதைக் குடுத்துட்டாங்க. படிச்சுப் பாருங்க.”

தண்ணீரின் பழைய பதிவிலிருந்து வந்திருந்தது: ‘பயன்பாடு: குடிக்க, சமைக்க.’

“இதுல இன்னொண்ணும்மா. அரசாங்கப் பட்டியலைப் பார்த்துட்டு ஒரு பள்ளிக்கூடம் நாப்பது பீப்பாய் கேட்டிருக்கு. குடிதண்ணிக்காம். திங்கக்கிழமை வண்டி போகணுமாம், இல்லைன்னா என் உரிமம் ரத்தாம்.”

அன்று வெள்ளிக்கிழமை. அவள் ஓடிப்போய்க் குறிப்பாணை எழுதினாள். பெயர்கள் நீக்கப்பட்டுவிட்டதால் எழுத்துவரிசையில்தான் எழுத வேண்டும் என்று தலைமை எழுத்தர் இரண்டு முறை திருப்பிக் கொடுத்தார். கடைசியில் இயக்குநர் மேஜைக்குப் போன குறிப்பாணை இது: “[H]OO[H] என்பது [H]OO[H] அல்ல. எனவே [H]OO[H] கேட்டவர்களுக்கு [H]OO[H] அனுப்பினால் உயிருக்கு ஆபத்து.”

இயக்குநர் மூன்று தரம் படித்தார். “லீவு எடுத்து எத்தனை நாளாச்சு உனக்கு?” என்றார் கனிவாக.

வீட்டில் அவள் சாப்பிடவில்லை. அவள் கணவன் முடிதிருத்தும் கடை வைத்திருப்பவன். வேதியியல் தெரியாது, ஆனால் பெராக்சைடு தெரியும், வாடிக்கையாளர் தலையை வெளுக்க வைப்பதே அதைக் கொண்டுதான். அவள் தாளில் கிறுக்கியதை எட்டிப் பார்த்தான்.

“தண்ணி எது?”

“இந்த ஏழு எழுத்து. எட்டு வேணுமாம்.”

“ரெண்டு ஓரத்துக்கு அடைப்பு போட்டிருக்கே, நடுவுல இருக்கிறவன் என்ன பாவம் பண்ணான்? காதோரம் மட்டும் ஒதுக்கிட்டு உச்சியை விட்டுட்ட மாதிரி இருக்கு.”

அவள் நிமிர்ந்து பார்த்தாள். நடுவிலும் அடைப்புக்குறி போட்டாள். [H][O][H]. ஒன்பது எழுத்து. மடிக்கணினியில் ஓட்டிப் பார்த்தால், நிரல் சந்தேகமே இல்லாமல் தண்ணீர் என்றது. அந்தக் கணமே வெளுப்புமருந்துக்காரருக்குப் போன் போட்டாள்.

“வழி கிடைச்சிடுச்சுங்க. வண்டியை மட்டும் எடுத்துடாதீங்க.”

“நான் எடுக்கிறதா எப்பம்மா சொன்னேன்?” என்றார் அவர். “லைசென்ஸ் போனா போகட்டும். எனக்கும் புள்ளைங்க இருக்கு.”

அந்தத் துறை சம்பந்தப்பட்ட விவகாரத்தில் யாரும் கேட்டிராத வாக்கியம் அது.

திங்கட்கிழமை இயக்குநர் ஒன்பது எழுத்தைப் பார்த்து மகிழ்ந்தார். ஆனால் ‘திருத்தம்’ என்ற சொல் அவருக்கு ஒத்துவரவில்லை. “திருத்தம்னா தப்பு நடந்ததா ஆயிடும். நம்ம துறையில தப்பு நடக்கல. இதைப் புதுப் பொருள்னு பதிவு பண்ணு. கண்டுபிடிச்சது நாமதான்னு பத்திரிகைக்குச் செய்தி குடு.”

“சார், இது வெறும் தண்ணி.”

“உன் ஒப்பந்தத்தை ரெண்டு வருஷத்துக்கு நீட்டிச்சிருக்கேன்.”

அவள் ‘சரி சார்’ என்றாள். பள்ளிக்கூடத்துக்கு ஒன்பது எழுத்து போயிற்று. பிள்ளைகளுக்கு ஒன்றும் ஆகவில்லை. அதை நினைத்து அவள் சமாதானமானாள்.

செய்தி வந்த பத்தாம் நாள் கடைகளில் ‘ஒன்பது எழுத்துத் தண்ணீர்’ பாட்டில் வந்துவிட்டது. ஒரு மருத்துவர் அது எலும்புக்கு நல்லது என்றார், இன்னொருவர் அளவோடு குடிக்கச் சொன்னார். எதிர்வீட்டு அக்கா குரலைத் தாழ்த்திக் கேட்டாள், “உங்க வீட்ல இன்னும் எட்டு எழுத்துதானா? குழந்தை இருக்கிற வீடாச்சே!” கணவன் கடையில், ஒன்பது எழுத்துத் தண்ணீரில் தலை அலசிக்கொள்ள வரிசை நின்றது. கம்ப்யூட்டரம்மா ஆரம்பத்தில் எல்லாருக்கும் பொறுமையாக விளக்கினாள். எல்லாரும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, எந்தக் கடையில் மலிவு என்று விசாரித்தார்கள்.

ஒரு மத்தியானம் கணவனின் கடைக்குப் போனாள். நல்ல வெயில், நா வறண்டிருந்தது. அலமாரியில் பாட்டில்கள் இருந்தன. காலி பாட்டில்களை அவன் தினமும் பின்கட்டுக் குழாயில் நிரப்பி வைப்பது அவளுக்குத் தெரியும். லேபிளை அச்சடித்துக் கொடுத்ததே அவள்தான். ஒன்றை எடுத்துத் திறந்தாள். வாயருகே கொண்டுபோனவள் நிறுத்தினாள். கண்ணாடியில் யாரும் பார்க்கிறார்களா என்று பார்த்துக்கொண்டாள். பிறகு லேபிளைத் திருப்பி, விரல் வைத்து மெதுவாக எண்ணினாள்.

ஒன்பது சரியாக இருந்தது. அப்புறம்தான் குடித்தாள்.