இடது பக்கத்து ஓட்டை

ஏழாவது கோலும் விழுந்தபோது சீனிவாசலு மூக்குக்கண்ணாடியைக் கழற்றி வேட்டி முனையால் துடைத்துப் போட்டுக்கொண்டார். கண்ணாடியில் ஒரு குறையும் இல்லை. குறையெல்லாம் மைதானத்தில்தான் இருந்தது.

சிங்காநல்லூர்ப் பக்கத்து நூல் மில் ஒன்றில் அவர் டைம் ஆபீஸ் குமாஸ்தா. மில்லின் கால்பந்து டீமுக்கு அவர் கோச்சும் அல்ல, செக்ரட்டரியும் அல்ல. ஆனாலும் பதினோரு வருஷமாக ஒரு மேட்சைக்கூடத் தவறவிட்டதில்லை. கோல் வாங்குவதை டீமும் ஒரு வருஷம்கூடத் தவறவிட்டதில்லை. எப்போதும் தங்கள் கோல் கம்பத்துக்குப் பக்கத்தில்தான் நிற்பார். பாதி ஆட்டத்தில் பக்கம் மாறினால் குடையை இடுக்கிக்கொண்டு அவரும் அடுத்த கோடிக்கு நடப்பார். பின்வரிசையில் தடுத்தாடும் எந்த பேக் இடத்தை விட்டு நகர்ந்தான் என்பது அங்கிருந்து பளிச்சென்று தெரியும். தெரிந்ததைச் சொல்லாமல் இருக்க அவருக்கு மனம் வராது.

அந்த ஐம்பத்தெட்டாம் வருஷத்து லீக்கில் நிலைமை முற்றிவிட்டது. மானேஜர் லட்சுமணசாமி கூப்பிட்டு நிதானமாகச் சொல்லிவிட்டார். இந்த வருஷமும் கடைசி இடம் என்றால் கால்பந்து டீமைக் கலைத்துவிட்டு வாலிபால் டீம் ஆரம்பிக்கப்போகிறாராம். அதிலாவது நடுவில் வலை இருக்கிறது, எதிரி அந்தப் பக்கமே நின்றுகொள்வான் என்றார்.

அன்று சாயங்காலம் டீக்கடையில் இதே பேச்சு. டீமுக்கு டவுசர் தைக்கும் டெய்லர் அப்துல் வஹீது, லெஃப்ட் பேக் கண்ணையாவை மாற்றியே ஆக வேண்டும் என்றார். வெளியிலிருந்து ஆள் எடுக்கணும் என்றார் ஒருவர். இருக்கிற ஆளை வைத்தே சமாளிக்கலாம் என்றார் சீனிவாசலு. சென்டர் பார்வர்டு பாலகோபாலை இறக்கி பேக் ஆட வைத்தால் ஓட்டை அடைபட்டுவிடும் என்பது அவர் கணக்கு.

"ஏனுங் நாயுடு, கோல் போடறதே அவனொருத்தன்தானுங்க. அவனையும் பின்னால கொண்டாந்துட்டா?" என்றார் வஹீது.

அடுத்த மேட்சில் பாலகோபாலைப் பின்னால் இறக்கினார்கள். வஹீது பயந்தபடியே ஆயிற்று. முன்னால் கோல் போட ஆள் இல்லை. பாலகோபாலோ பழக்கதோஷத்தில் பந்தைக் கண்டால் முன்னால் ஓடினான். ஒவ்வொரு தடவையும் சீனிவாசலு கம்பத்தடியிலிருந்து "இடது பக்கம் காலி, இடது பக்கம் காலி" என்று தொண்டை நரம்பு புடைக்கக் கத்தி எச்சரித்தார். நாலு கோல்.

வெளியிலிருந்து ஆள் எடுப்பது என்று முடிவாயிற்று. மேட்டுப்பாளையத்துப் பாக்கு மண்டியில் மூட்டை தூக்கும் வேலன் என்பவன் சுவர் மாதிரி நின்று ஆடுவான் என்று கேள்வி. அடுத்த ஞாயிற்றுக்கிழமை சீனிவாசலு ரயிலேறினார். பதினோரு வருஷத்தில் அவர் தவறவிட்ட முதல் மேட்ச் அதுதான். வேலனைக் கண்டதும் பிடித்துப்போயிற்று. மில்லில் வேலைக்குத் தான் பொறுப்பு என்று வாக்குக் கொடுத்துவிட்டுத் திரும்பினார்.

ஸ்டேஷனில் வஹீது காத்திருந்தார். நம்மவர்கள் ஒரு கோலும் வாங்கவில்லை, மேட்ச் டிரா என்றார்.

எதிரணிக்காரர்களுக்குக் காய்ச்சலோ என்னவோ என்று சொல்லிவிட்டார் சீனிவாசலு.

வேலன் மனைவியையும் கைக்குழந்தையையும் கூட்டிக்கொண்டு, பாத்திரம் பண்டங்களோடு வந்து இறங்கினான். மில் லைன் வீட்டில் குடிவைத்தார்கள். ஆள் நிஜமாகவே சுவர்தான். ஆனால் இடது பக்கம் திரும்ப மட்டும் அரை நிமிஷம் பிடித்தது. முதல் மேட்சிலேயே சீனிவாசலு இதைக் கண்டுபிடித்தார். சும்மா இருப்பாரா? வழக்கத்தைவிட இரண்டு மடங்கு கத்தினார். அஞ்சு கோல்.

மறுநாள் வேலன் டைம் ஆபீஸ் ஜன்னலுக்கு வெளியே வந்து நின்றான்.

"ஏனுங்ணா, எங்களத் திருப்பி அனுப்பிப்போடுவாங்களா? மண்டியில என்ற இடத்துக்கு வேற ஆளு வந்துட்டானுங்க."

சீனிவாசலு ஆஜர்ப் புத்தகத்தை இழுத்துப் புரட்டினார். மத்தியானம் கொண்டுபோன தயிர்சாதம் அப்படியே வீடு திரும்பியது. மனைவி வரலட்சுமி காரணம் கேட்டாள். ஒரு குடும்பத்தை வேரோடு பிடுங்கிக்கொண்டு வந்துவிட்டேன் என்றார்.

இன்னும் ஒரே ஒரு மேட்ச். ஜெயித்தால்தான் கடைசி இடத்திலிருந்து தப்பலாம். அந்த வாரம் முழுக்க, மில் சங்கு ஊதியதும் சீனிவாசலு வேலனை மைதானத்துக்குக் கூட்டிப்போய் இடது பக்கம் திரும்பப் பழக்கினார். அவர் சொல்லிப் பாலகோபாலை மறுபடி முன்னால் அனுப்பினார்கள். மார்கழிக் காற்றில் அஞ்சு நாள் கத்தியதில், ஞாயிற்றுக்கிழமை காலை எழுந்து "காப்பி" என்று கேட்டால் காற்றுதான் வந்தது.

வரலட்சுமி மிளகும் கருப்பட்டியும் தட்டிப் போட்டுக் கஷாயம் வைத்துக் கொடுத்து, கழுத்தில் மப்ளரைச் சுற்றிவிட்டாள். "ஊட்டுலயே இருங்க. நீங்க இல்லாட்டி பந்து உருளாதா?" என்றாள். அவர் குடையை எடுத்துக்கொண்டு கிளம்பினார்.

எதிரே ஆட வந்த பீளமேட்டு டீம் லீக்கிலேயே அதிக கோல் அடித்த டீம். ஆட்டம் தொடங்கிய அஞ்சாவது நிமிஷமே வேலன் வலது பக்கம் சாய்ந்துவிட்டான். சீனிவாசலு பதறி வாயைத் திறந்தார். ஒரு சத்தமும் எழவில்லை. கண்ணை மூடிக்கொண்டார். திறந்து பார்த்தால் பந்து எங்கோ போயிருந்தது.

அப்படியே ஒரு மணி நேரம் நடந்தது. பீளமேட்டு ரைட் அவுட், வலது ஓரமாக முன்னேறி ஆடும் நல்ல ஓட்டக்காரன், பந்தைக் காலில் வைத்துக்கொண்டு மூன்று நான்கு தடவை கம்பத்தின் பக்கம் பார்த்து நின்றான். வேலனைக் கண்டு மிரண்டுவிட்டான் என்று சீனிவாசலுவுக்கு உள்ளூரக் குளிர்ந்தது. முடிய இரண்டு நிமிஷம் இருக்கும்போது பாலகோபாலின் முழங்காலில் பட்டுப் பந்து எதிர் கோலுக்குள் போயிற்று.

ஒன்றுக்குப் பூஜ்யம்.

வேலனைத் தோளில் தூக்கிக்கொண்டார்கள். மானேஜர் இறங்கி வந்து டீம் கலையாது என்றார். வேலனுக்கு வேலை நிரந்தரம் என்றும் சொன்னார். தனக்குக் கொண்டுவந்த மாலையைக் கழற்றி, ஆளைத் தேடிப் பிடித்து வந்தவர் இவர்தான் என்று சீனிவாசலு கழுத்தில், மப்ளருக்கு மேலேயே, போட்டார். வேலனின் மனைவி குழந்தையோடு தூரத்தில் நின்று கும்பிட்டாள். சீனிவாசலுவுக்குக் கண்ணாடி நிஜமாகவே மங்கிற்று.

கூட்டம் கலைந்த பிறகு பீளமேட்டு ரைட் அவுட் தயங்கித் தயங்கி அவரிடம் வந்தான். தோற்றவனுக்கு ஆறுதல் சொல்ல வேண்டும் என்று அவர் தோளைத் தட்டிக்கொடுத்தார். அவன் மப்ளரைப் பார்த்து, தொண்டை கட்டிக்கொண்டதா என்று கேட்டான். ஆமாம் என்று தலையசைத்தார்.

அவன் முகத்தில் நிஜமான கவலை தெரிந்தது.

"சீக்கிரம் நல்லாயிருங்கய்யா. இந்த லீக்குல ஏழு டீமும் உங்களை நம்பித்தானுங்க ஆடறோம். எந்தப் பக்கம் காலின்னு நீங்க சத்தம் போட்டாத்தானுங்க எங்களுக்குத் தெரியும்."