முனியப்பனுக்கு ஒரு சோளமாலை

எனக்கு ஒரு யோசனை வந்துவிட்டால், அதை முழுதாகச் செய்து நாசமாக்காமல் ஓயமாட்டேன்.

நான்கு வருடங்களுக்கு முன்பு போனில் ஒரு வீடியோ பார்த்தேன். ஐரோப்பாவில் சிலர் தங்கள் பழைய தெய்வங்களைத் திரும்பக் கும்பிடுகிறார்கள். இடிக்கு ஒரு சாமி, ஒற்றைக்கண்ணோடு ஒரு சாமி. அந்தச் சாமிகளுக்கு ஜெபமாலை கிடையாதாம். அதனால் அடுத்தவர் மாலையைப் பார்த்துத் தாங்களே ஒன்பது ஒன்பது மணியாகக் கோத்து உருட்டுகிறார்கள். எனக்கு ரோஷம் வந்துவிட்டது. எங்கள் குலதெய்வம் முனியப்பனுக்கு மட்டும் மாலை இல்லையா? (சுருட்டும் சாராயமும் வாங்கிக்கொண்டு அவர் பாட்டுக்கு நிம்மதியாகத்தான் இருந்தார்.)

ருத்திராட்சம் சிவனுக்கு, துளசி பெருமாளுக்கு. எங்கள் பெரம்பலூர்ப் பக்கம் எங்கு திரும்பினாலும் மக்காச்சோளம். காவல்காரச் சாமிக்கு அவர் காக்கிற வெள்ளாமையே மணி என்று முடிவு செய்தேன். ஊறவைத்து, ஊசியால் கோத்து, மஞ்சள் தடவிக் காயவைத்தேன். நூற்றியொரு மணி. மந்திரமும் என்னுடையதுதான்: "முனியப்பா, பாத்துக்க."

அதை முதன்முதலாக உருட்ட நான் தேர்ந்தெடுத்தது என் தங்கை மகனின் காதுகுத்து நாளை. கல்யாணமாகி ஒன்பது வருடம் கழித்துப் பிறந்த பிள்ளை. பிறந்தால் கிடா வெட்டுவதாக அவள் வேண்டியிருந்தாள். ரெட்டிபாளையத்திலிருந்து மாப்பிள்ளை வீட்டார் ஒரு வேன் நிறைய வந்து இறங்கியிருந்தார்கள்.

"நூத்தியொண்ணு முடியாம கிடா மேல தண்ணி ஊத்தக் கூடாது" என்றேன்.

"எல்லாரும் பசியோட இருக்காங்க மச்சான்" என்றார் மாப்பிள்ளை.

"ஒம்பது வருசம் காத்திருந்தீங்க. ஒம்பது நிமிசம் இருக்கமாட்டீங்களா?"

(இதை நான்தான் சொன்னேன். வாயில் புண்கூட வரவில்லை.)

கிடாவுக்குப் பக்கத்தில், சாமியைப் பார்த்து, கண்ணை மூடி உட்கார்ந்தேன். அறுபதாவது மணி வாக்கில் யாரோ மாலையை மெல்ல இழுத்தார்கள். விரலில் சூடான மூச்சு பட்டது. எனக்குப் புல்லரித்துவிட்டது. முனியப்பனே கைநீட்டி வாங்குகிறார்.

"எடுத்துக்க சாமி" என்று கண்ணீரோடு விட்டுக்கொடுத்தேன்.

கண்ணைத் திறந்தபோது கிடாவின் வாயோரம் மஞ்சள் நூல் தொங்கியது.

பூசாரி கிடாவின் மேல் மஞ்சள் தண்ணீர் ஊற்றினார். அது உடம்பைச் சிலிர்த்தால்தான் சாமி உத்தரவு கொடுத்ததாக அர்த்தம். மூன்று குடம் ஊற்றியும் அது அசை போட்டதே தவிர அசையவில்லை. பூசாரி அரிவாளைக் கீழே வைத்தார்.

"சாமி மாலை உள்ள போயிருச்சுங்க. இனிமே இது முனியப்பன் கிடா. நான் வெட்டமாட்டேன்."

தங்கை பிள்ளையைக் கட்டிக்கொண்டு அழுதாள். "என் வேண்டுதல சாமி வேணாங்குதா அண்ணே?"

என் வாழ்க்கையில் அவ்வளவு வெட்கப்பட்டதில்லை. ஒன்பது வருடம் அவள் சுமந்த வேண்டுதலை என் வீம்பு ஒரு வாயில் முடித்துவிட்டது. பூசாரிதான் காப்பாற்றினார்.

"வேணாங்கலம்மா. உசுரோட குடுன்னு கேக்குது. விட்டுட்டுப் போ."

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு கயிற்றை அவிழ்த்துவிட்டாள். அரைத்து வைத்திருந்த கறி மசாலாவில் கத்தரிக்காய் வெந்தது. வேனில் வந்தவர்கள் அதைத் தின்றுவிட்டு, என்னோடு ஒரு வார்த்தை பேசாமல் ஏறிப் போனார்கள்.

மாலையை நான் விடவில்லை. இப்போது வைத்திருப்பது அரும்பாவூர் ஆசாரியிடம் கடைந்து வாங்கிய மரமணி. ஆனால் எந்தக் கிடாவெட்டிலும் நான் சம்மணம் போட்டுக் கண்ணை மூடினால் போதும், சமையல் அடுப்புப் பக்கமிருந்து தங்கையின் குரல் வரும்:

"அண்ணன் ஆரம்பிச்சிருச்சு. ஆட்டத் தள்ளிக் கட்டுங்க."